அரைநிலா வில்லைகளில் 2.1 டெஸ்லா: உயர்வெப்ப மீக்கடத்தி அண்டுலேட்டர், ஒரு நிகழ்வு ஆய்வு

துகள் முடுக்கி ஒளி மூலங்களுக்கு, அதாவது எலக்ட்ரான் கற்றையிலிருந்து எக்ஸ்-கதிர் எடுக்கும் நிலையங்களுக்கு, காந்தம் செய்பவர்கள் நெடுநாளாகத் துரத்தி வந்த ஓர் எண் 2023-இல் கைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்துக் குழு, கடோலினியம்-பேரியம்-காப்பர் ஆக்சைடு என்ற மீக்கடத்தியால் (மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் கடத்தும் பொருளால்) ஆன 20 அரைநிலா வில்லைகளை வரிசையாக அடுக்கி, 10 கெல்வின் வரை குளிரவைத்து, 4 மி.மீ. இடைவெளியில் 2.1 டெஸ்லா காந்தப்புலம் கிடைத்ததாக அறிவித்தது. எலக்ட்ரான் கற்றையை நெளியவைத்து ஒளி எடுக்கும் இத்தகைய காந்த வரிசைக்கு அண்டுலேட்டர் என்று பெயர். அந்த அண்டுலேட்டரின் பீரியட், அதாவது வடக்கு-தெற்கு என்று ஒரு முழுச் சுற்று முடியும் தூரம், 10 மி.மீ. இதே பீரியடுக்கும் இதே இடைவெளிக்கும் அதுவரை வெளியான அளவீடுகளில் இதுவே உச்சம். அந்த நிறுவனத்தின் எலக்ட்ரான் வளையமான சுவிஸ் லைட் சோர்ஸ் 2.0-இல் ஐ-டாம்கேட் என்ற கடின (ஆற்றல் மிகுந்த) எக்ஸ்-கதிர் நிலையத்துக்கு ஒரு மீட்டர் நீள அண்டுலேட்டர் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதற்கு வைத்திருந்த இலக்கு 2 டெஸ்லா. மாதிரி அதைத் தாண்டிவிட்டது.

மாதிரியின் நீளம் 10 செ.மீ. தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் இந்த நிகழ்வைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. பத்து பீரியடில் 2.1 டெஸ்லா எட்டுவது ஒரு வேலை. நூறு பீரியடிலும் அதே புலத்தை அச்சு அசலாகத் திரும்பத் திரும்பத் தருவது முற்றிலும் வேறு வேலை. மீக்கடத்திக்குப் போதுமான வலு உண்டா என்ற கேள்விக்கு இந்த மாதிரி பதில் சொல்லிவிட்டது. வில்லைக்கு வில்லை இருக்கும் வேறுபாட்டை எப்படி அடக்குவது என்பதுதான் இனி வரும் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு சின்ன பீரியட்?

அண்டுலேட்டருக்குள் நுழையும் எலக்ட்ரான் கற்றை, மாறி மாறி வரும் வடக்கு-தெற்குப் புலத்தால் இடமும் வலமும் நெளிந்து போகிறது. ஒவ்வொரு நெளிவிலும் ஒளி வெளிவருகிறது. எலக்ட்ரான் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாய்வதால் சார்பியல் இரண்டு முறை குறுக்கிடுகிறது. விளைவு: மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் பீரியட், வெளிவரும் கதிரில் ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) கணக்கில் சுருங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். மேம்படுத்தப்பட்ட சுவிஸ் லைட் சோர்ஸின் எலக்ட்ரான் ஆற்றல் 2.7 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானின் நிறை ஆற்றலைப் போல அது சுமார் 5,280 மடங்கு. அந்த எண்ணின் வர்க்கத்தை இரட்டித்து, அதனால் 10 மி.மீ.-ஐ வகுத்தால் 1.8 ஆங்ஸ்ட்ராம் வரும். இது நெளிவு மிகச் சிறியதாக இருக்கும்போது கிடைக்கும் அலைநீளம். புலம் கூடக்கூட எலக்ட்ரான் சுற்றிப் போகும் பாதை நீள்வதால் அலைநீளமும் நீள்கிறது. 2 டெஸ்லாவில் அது 4.9 ஆங்ஸ்ட்ராம், ஃபோட்டான் ஆற்றலில் சொன்னால் சுமார் 2.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்.

அப்படியானால் புலத்தை ஏன் கூட்ட வேண்டும், அது கதிரை மென்மையாக்கத்தானே செய்கிறது? நியாயமான கேள்வி. பதில் மேற்சுரங்களில் இருக்கிறது. அண்டுலேட்டர் அடிப்படை அலையோடு 3, 5, 7 என்று ஒற்றை எண் மடங்குகளிலும் ஒளி தரும். அந்த மேற்சுரங்கள் எவ்வளவு வலுவாக வரும் என்பதை விலகல் எண் தீர்மானிக்கிறது. டெஸ்லாவில் புலம், சென்டிமீட்டரில் பீரியட், 0.934 மூன்றையும் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். 1 டெஸ்லாவில் அது 0.93. அங்கே உயர் மேற்சுரங்கள் மங்கி மறைந்துவிடும். 2 டெஸ்லாவில் அது 1.87. அப்போது 9-ஆவது மேற்சுரம் 22.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், 15-ஆவது 37.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் பயன்படும் அளவுக்கு நிற்கும். கடினமான கதிர் கேட்கும் டோமோகிராஃபி (பொருளின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் படமெடுக்கும்) நிலையத்துக்கு வேண்டியது இந்தப் பகுதிதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு மீட்டர் நீளத்தில் 20 மி.மீ. பீரியட் என்றால் 50 நெளிவு, 10 மி.மீ. என்றால் 100 நெளிவு. நெளிவு கூடினால் ஒவ்வொரு மேற்சுரமும் கூர்மையாகிறது, கதிர் குவிகிறது. ஆற்றல் அதிகமான பெரிய வளையங்கள், பிரான்சின் ஈஎஸ்ஆர்எஃப் 6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டிலும் ஜப்பானின் ஸ்பிரிங்-8 அதன் பெயரிலேயே இருக்கும் 8 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டிலும், எலக்ட்ரான் ஆற்றலை வைத்தே கடினக் கதிரை எட்டின. நடுத்தர வளையத்துக்கு அந்த வசதி இல்லை. அது பீரியடைச் சுருக்கித்தான் ஈடுகட்ட வேண்டும். நேர்கோட்டு முடுக்கியின் கற்றையை அண்டுலேட்டர் வழியே அனுப்பி லேசர் போன்ற எக்ஸ்-கதிர் எடுக்கும் கட்டில்லா எலக்ட்ரான் லேசர்களிலும் இதே கதைதான். சுவிஸ்எஃப்இஎல் 15 மி.மீ. பீரியட் அண்டுலேட்டரோடு 5.8 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டிலேயே 1 ஆங்ஸ்ட்ராமைத் தொடுகிறது. 40 மி.மீ. பீரியடோடு கட்டப்பட்ட ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் முடுக்கி 17.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரை போக வேண்டியிருந்தது, மொத்த நிலையத்தின் நீளம் 3.4 கி.மீ. பீரியட் சுருங்கினால் கட்டடமே சுருங்குகிறது.

சிக்கல் எங்கே என்றால், பீரியடைச் சுருக்கினால் புலம் அடுக்குக்குறி வேகத்தில் சரிகிறது. காந்த முகத்தில் இருக்கும் புலத்தில் எவ்வளவு இடைவெளியின் நடுவரை வந்து சேரும் என்பது இடைவெளிக்கும் பீரியடுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. 4 மி.மீ. இடைவெளியில் 20 மி.மீ. பீரியட் என்றால் தோராயமாகப் பாதி வரும். 10 மி.மீ. பீரியட் என்றால் 28 விழுக்காடுதான். நடுவில் 2 டெஸ்லா வேண்டுமென்றால் முகத்தில் 7 டெஸ்லா அளவுக்கு இருக்க வேண்டும். நிரந்தரக் காந்தத்திடமும் இரும்பிடமும் இதைக் கேட்க முடியாது.

இதற்கு முன் போன வழிகள்

நிரந்தரக் காந்தத்தை வெற்றிடக் குழாய்க்குள்ளேயே வைத்து இடைவெளியைக் குறைத்தார்கள். அப்புறம் அதே காந்தத்தைக் குளிரவைத்து இன்னும் கொஞ்சம் புலம் எடுத்தார்கள். இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன, இன்றைய நிலையங்களில் பெரும்பாலானவை இவற்றைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் நிரந்தரக் காந்தத்தின் எஞ்சிய காந்தப்புலத்துக்கு இயற்கையே போட்ட வரம்பு ஒன்று உண்டு.

அடுத்தது மீக்கடத்திக் கம்பி. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில், அட்வான்ஸ்டு ஃபோட்டான் சோர்ஸ் வளையத்தில் 2013-இல் 16 மி.மீ. பீரியட் நயோபியம்-டைட்டானியம் அண்டுலேட்டர் வேலைக்கு வந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்ப நிறுவனம் 15 மி.மீ. பீரியடில் ஒன்றை 2014-இல் தன் வளையத்தில் பொருத்தியது. 2023 தொடக்கத்தில் ஆர்கானில் நயோபியம்-டின் அண்டுலேட்டரும் வளையத்துக்குள் போனது. இவை மூன்றும் பெரிய அடிகள். முக்கியமாக, மீக்கடத்தி அண்டுலேட்டர் அன்றாட வளைய இயக்கத்தைத் தாங்கும் என்பதை இவை நிரூபித்தன. ஆனால் பீரியட் 10 மி.மீ.-க்கு இறங்கும்போது கம்பிக்குக் கிடைக்கும் இடம் சில மில்லிமீட்டராகிவிடுகிறது. அந்தச் சின்ன இடத்தில் வேண்டிய மின்னோட்டத்தை நயோபியம்-டைட்டானியத்தில் அடைக்க முடிவதில்லை.

உயர்வெப்பம் என்று சொல்லிவிட்டு 10 கெல்வினா?

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கே நின்று யோசிப்பார்கள். 1986-இல் ஐபிஎம் சூரிச் ஆய்வகத்தில் பெட்னார்ஸும் முல்லரும் தொடங்கிவைத்த காப்பர் ஆக்சைடு வரிசையின் பெருமையே, அடுத்த ஆண்டில் வந்த இட்ரியம் சேர்மம் திரவ நைட்ரஜனின் 77 கெல்வினிலேயே மீக்கடத்தியாக இருக்கும் என்பதுதான். கடோலினியம் வகையின் மாறுநிலை வெப்பநிலையும், அதாவது அதற்குக் கீழே போனால் மீக்கடத்தியாகும் வெப்பநிலையும், 92 கெல்வினை ஒட்டியது. அதை எதற்கு 10 கெல்வினுக்குக் கொண்டுபோக வேண்டும்?

77 கெல்வினில் அது மீக்கடத்தியாக இருக்கும், ஆனால் வலுவான புலத்துக்கு நடுவே அதிக மின்னோட்டம் தாங்காது. 10 கெல்வினில் அதே பொருள், பல டெஸ்லா புலத்துக்குள்ளும், சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியர் சுமக்கும். இங்கே நமக்கு வேண்டியது அந்த அடர்த்தி.

கூடவே இன்னொரு லாபமும் வருகிறது, இதை நான் பெரிதாக மதிக்கிறேன். எலக்ட்ரான் கற்றை சும்மா போவதில்லை. சுவரில் பிம்ப மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கும். கற்றை வரும் வழியில் முன்னால் இருக்கும் வளைவுக் காந்தத்தின் கதிரும் வந்து விழும். 4.2 கெல்வினில் 1 வாட் வெப்பத்தை வெளியே எடுக்க, இலட்சிய இயந்திரத்துக்கே 70 வாட் தேவை. 10 கெல்வினில் 29 வாட் போதும். செம்பின் வெப்ப ஏற்புத்திறனும் 4.2 கெல்வினில் இருப்பதைவிட 10 கெல்வினில் சுமார் எட்டு மடங்கு அதிகம். நயோபியம்-டைட்டானியம் சுருள் 4 கெல்வினில் ஒரு சின்ன அதிர்வுக்கே மீக்கடத்தலை இழந்து குவென்ச் ஆகும். 92 கெல்வின் வரை தாங்கும் பொருளை 10 கெல்வினில் ஓட்டும்போது அந்தப் பதற்றம் இல்லை.

கம்பியே இல்லாத காந்தம்

இந்த வடிவமைப்பின் மூல யோசனை புதிதல்ல. சோலினாய்டு எனும் நீள வரிச்சுருளுக்குள் இரும்புத் துண்டுகளை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளி வைத்து நெளிவுப் புலம் எடுப்பதை 1990-களில் ஸ்டான்ஃபோர்டில் செய்து காட்டினார்கள். இரும்புக்குப் பதில் உயர்வெப்ப மீக்கடத்தி வில்லைகளை வைக்கலாம் என்று ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு சொன்னது. 2013-இல் மாதிரியும் காட்டியது. பால் ஷெரர் நிறுவனம் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதல் சோதனைகளைச் செய்தது. 5 பீரியட், 6 மி.மீ. இடைவெளி கொண்ட அந்தச் சின்ன மாதிரியின் முடிவுகள் 2020-இல் வந்தன. 4 மி.மீ. இடைவெளிக்குப் போனால் 2 டெஸ்லா தாண்டும் என்று உருவகப்படுத்தல் அப்போதே சொன்னது.

வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கற்றைப் பாதையின் ஒரு பக்கம் ஓர் அரைநிலா, 5 மி.மீ. தள்ளி எதிர்ப் பக்கம் அடுத்த அரைநிலா, மறுபடி 5 மி.மீ. தள்ளி முதல் பக்கம். இப்படி இருபது. இந்த வரிசை முழுவதையும் சுற்றிப் பெரிய சோலினாய்டு இருக்கிறது. அதன் புலம் கற்றைப் பாதையை ஒட்டி நீளவாக்கில் ஓடும்.

முதலில் வில்லைகள் 92 கெல்வினுக்கு மேல், சாதாரணப் பீங்கானாக இருக்கும்போது சோலினாய்டை 10 டெஸ்லாவுக்கு ஏற்றுகிறார்கள். புலம் தடையில்லாமல் எல்லாவற்றுக்குள்ளும் போகிறது. அந்தப் புலத்தை அப்படியே வைத்துக்கொண்டு 10 கெல்வினுக்குக் குளிரவைக்கிறார்கள். வில்லைகள் மீக்கடத்தியாகின்றன, ஆனால் இன்னும் மின்னோட்டம் எதுவும் இல்லை. கடைசியாகச் சோலினாய்டை மெதுவாக இறக்குகிறார்கள். தனக்குள் இருக்கும் புலம் குறைவதை மீக்கடத்தி விரும்பாது. ஒவ்வொரு வில்லையும் தன் விளிம்பை ஒட்டி மின்னோட்டத்தை ஓடவிட்டு, இருந்த புலத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கிறது. சோலினாய்டு பூஜ்ஜியத்துக்கு வரும்போது இருபது வில்லைகளும் இருபது காந்தங்களாக நிற்கின்றன. மேல் வில்லையிலிருந்து வெளியேறும் விசைக் கோடு இடைவெளியைக் கடந்து கீழ் வில்லைக்குள் நுழைகிறது, அங்கிருந்து அடுத்த மேல் வில்லைக்கு ஏறுகிறது. எலக்ட்ரானைத் தள்ளுவது இந்தக் கோடுகள் இடைவெளியைக் குறுக்காகக் கடக்கும் பகுதிதான்.

இதில் எந்த வில்லைக்கும் மின்கம்பி போகவில்லை. இணைப்பு இல்லை, ஆகவே இணைப்பில் வெப்பம் இல்லை. ஆயிரக்கணக்கான ஆம்பியரை அறை வெப்பநிலையிலிருந்து 10 கெல்வினுக்கு இறக்கும் கம்பிகளும் இல்லை. எத்தனையோ மீக்கடத்திக் காந்தங்கள் இணைப்பில்தான் உயிரை விட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தையே இங்கே மூடிவிட்டார்கள்.

இறக்கும் வேகத்தில் மட்டும் கவனம் வேண்டும். புலம் வில்லைக்குள் நகரும்போது வெப்பம் பிறக்கும். வெப்பம் கூடினால் மின்னோட்டம் தாங்கும் திறன் குறையும், அதனால் இன்னும் புலம் நகரும், இன்னும் வெப்பம். இந்தச் சங்கிலி ஓடிவிட்டால் பிடித்துவைத்த புலம் ஒரே தாவலில் போய்விடும். வெப்பம் வெளியேற நேரம் கொடுத்தே இறக்க வேண்டும்.

பீங்கானைப் பிடித்துவைத்தல்

காந்தப்புலம் ஒரு அழுத்தம். 10 டெஸ்லாவின் காந்த அழுத்தம் சுமார் 40 மெகா பாஸ்கல். உருக்கி வளர்த்த இந்தப் பீங்கானின் இழுவலிமையோ 20 முதல் 30 மெகா பாஸ்கல் அளவுதான், அதுவும் உள்ளே நுண்துளையும் விரிசலும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. கணக்கு நேரடியாகவே எச்சரிக்கிறது: சும்மா விட்டால் வில்லை தன் சொந்தப் புலத்தாலேயே பிளந்துவிடும்.

இதை வேறொரு சூழலில் ஏற்கனவே எதிர்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானில் டோமிட்டாவும் முரகாமியும் 2003-இல் இட்ரியம் வகைக் கட்டிக்குள் பிசின் ஊறவைத்து, 29 கெல்வினில் 17.24 டெஸ்லாவைச் சிறைப்பிடித்தார்கள். கேம்பிரிட்ஜ் குழு 2014-இல் வெள்ளி கலந்த கடோலினியம் வகைக் கட்டியை எஃகு வளையத்தால் இறுக்கி 26 கெல்வினில் 17.6 டெஸ்லாவை எட்டியது. அங்கே காந்த அழுத்தம் 120 மெகா பாஸ்கலைத் தாண்டுகிறது. பீங்கான் இழுவிசைக்குத்தான் பலவீனம், அமுக்கத்தை நன்றாகவே தாங்கும். முன்கூட்டியே அமுக்கி வைத்துவிட்டால், காந்த விசை முதலில் அந்த அமுக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் பீங்கானை இழுக்க ஆரம்பிக்க முடியும்.

அண்டுலேட்டரில் இதற்குச் செம்பைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு வில்லையும் மைக்ரோமீட்டர் துல்லியத்தில் அரைநிலாவாகச் செதுக்கப்பட்டு, ஆக்சிஜன் நீக்கிய செம்பு வட்டில் வெட்டிய பள்ளத்துக்குள் சூடேற்றி இறக்கப்பட்டது. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவது போலத்தான்: சூட்டில் விரிந்த பள்ளம் ஆறும்போது இறுகிக்கொள்கிறது. இதோடு முடியவில்லை. அறை வெப்பநிலையிலிருந்து 10 கெல்வினுக்குப் போகும்போது செம்பு 0.3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் சுருங்கும். 30 மி.மீ. வட்டு என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. பீங்கான் அந்த அளவு சுருங்காது. ஆகவே குளிரக் குளிரப் பிடி இறுகுகிறது, புலத்தை இறக்கும் நேரத்தில் இறுக்கம் உச்சத்தில் இருக்கிறது. அதே செம்புதான் வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் வழியும். வட்டுகளையும் கோபால்ட்-இரும்புத் துருவங்களையும் நீண்ட செம்பு உறை ஒன்றுக்குள் அடுக்கி மொத்தத்தையும் ஒரே திண்டாக்கினார்கள்.

ஒரே பொருளுக்கு மூன்று வேலை: பிடிப்பது, குளிர்விப்பது, இடத்தைத் துல்லியமாக நிறுத்துவது. இந்த மாதிரியில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். எஃகு இன்னும் வலுவாகப் பிடித்திருக்கும், ஆனால் வெப்பத்தை இப்படிக் கடத்தியிருக்காது.

வில்லைக்கு வில்லை

இந்த வில்லைகள் தொழிற்சாலை அச்சில் வார்ப்பவை அல்ல. 1000 டிகிரி செல்சியஸைச் சுற்றிய வெப்பநிலையில் உருக்கி, மேலே ஒரு விதைப் படிகத்தை வைத்து, மிக மெதுவாகக் குளிரவைத்து வளர்க்கிறார்கள். அப்புறம் 400 டிகிரி அளவில் நாள்கணக்கில் ஆக்சிஜன் ஏற்றினால்தான் அது மீக்கடத்தியாகும். விதைக்கு அருகே ஒரு தன்மை, ஓரத்தில் ஒரு தன்மை. படிகம் எந்தத் திசையில் வளர்ந்ததோ அதற்கேற்ப மின்னோட்டம் தாங்கும் திறன் மாறும். ஒரே உலையில் வளர்ந்த இரண்டு கட்டிகளும் ஒன்றுபோல் இருக்காது.

சில விழுக்காடு வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். எலக்ட்ரான் ஒரு பீரியடைக் கடக்கும் நேரத்தில், அதிலிருந்து வந்த ஒளி அதைவிடச் சரியாக ஒரு அலைநீளம் முந்த வேண்டும். அப்போதுதான் எல்லா நெளிவுகளின் ஒளியும் ஒன்றோடொன்று கூடும். ஒரு வில்லையின் புலம் கொஞ்சம் கூடினால் பாதை நீண்டு அந்த ஒழுங்கு பிசகும். இதைத்தான் கட்டப் பிழை என்கிறோம். அடிப்படை அலை இதைப் பொறுத்துக்கொள்ளும். 3 டிகிரி கட்டப் பிழையில் அதன் செறிவு குறைவது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் 15-ஆவது மேற்சுரத்தில் பிழையும் 15 மடங்காகிறது. அதே 3 டிகிரியில் செறிவு 54 விழுக்காடாகும். 5 டிகிரி என்றால் 18 விழுக்காடு.

ஆக, 2.1 டெஸ்லா எதற்காகத் தேவைப்பட்டதோ, அந்த உயர் மேற்சுரங்களையே கட்டப் பிழை தின்றுவிட முடியும். இதனால்தான் உச்சப் புலத்தைவிட ஒருமைப்பாட்டைப் பெரிதாகப் பேசுகிறேன். நிரந்தரக் காந்த அண்டுலேட்டரில் அளந்து பார்த்து, மெல்லிய தகடுகளைச் செருகி, அறை வெப்பநிலையிலேயே சரிசெய்யலாம். இங்கே ஒரு வில்லையின் உயரத்தை மாற்ற வேண்டுமானால் முழுக் காந்தத்தையும் சூடாக்கிப் பிரித்து, மாற்றி, மறுபடி குளிரவைத்து, மறுபடி காந்தமேற்ற வேண்டும். இட்ரியம் வகை வில்லைகளால் ஆன இன்னொரு மாதிரியில் பால் ஷெரர் குழு இந்தச் சரிசெய்யும் வேலையில் இறங்கி, அந்த முடிவுகளையும் 2023-இல் வெளியிட்டது. வளையத்துக்குள் போவதற்கான உண்மையான முன்னேற்றமாக நான் பார்ப்பது இந்தப் பாதையைத்தான். அங்கே தலைப்புச் செய்தி எண் இல்லாததால் அது கவனிக்கப்படாமல் போவது வருத்தம் தருகிறது.

டேப்பால் செய்தால்?

இதே சேர்மக் குடும்பம் டேப்பாகவும் கிடைக்கிறது. உலோகப் பட்டைமேல் மைக்ரோமீட்டர் கணக்கில் மீக்கடத்திப் படலம், மேலே வெள்ளி, சுற்றிலும் செம்பு. இதை ரெப்கோ டேப் என்பார்கள். ஆர்கானிலும் கார்ல்ஸ்ரூவேயிலும் இதில் அண்டுலேட்டர் சுருள்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். நீளம் முழுக்க ஓரளவு சீரான பொருள், மின்னோட்டத்தை வெளியிலிருந்து கட்டுப்படுத்தலாம். இவை பெரிய பலங்கள்.

ஆனால் 10 மி.மீ. பீரியடில் அரைச் சுற்று 5 மி.மீ. தான். அதற்குள் சுருளும் துருவமும் இரண்டும் அடங்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் டேப்பின் அகலமே 4 மி.மீ. மெல்லியதாக நறுக்கினால் ஓரம் சேதமாகும். ஓரிடத்தில் மீக்கடத்தல் அறுந்தால் அந்தச் சூடு பரவும் வேகமும் பழைய கம்பிகளைவிட மிகக் குறைவு, அதனால் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் புள்ளி கருகிவிடும். திருப்பங்களுக்கு நடுவே காப்புப் பூச்சே இல்லாமல் சுற்றி, மின்னோட்டம் பக்கத்துத் திருப்பத்துக்குத் தாவித் தப்பிக்கவிடும் முறை இதற்குக் கைகொடுக்கிறது. அதற்கு விலையாகக் காந்தம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். 15 மி.மீ. பக்கம் டேப் நல்ல போட்டியாளர் என்பது என் கணிப்பு. 10 மி.மீ.-இல் வில்லைகள்தான் முன்னிலை.

நிலையத்தில் வைத்து ஓட்டும்போது

சாதாரண அண்டுலேட்டரில் இடைவெளியைத் திறந்து மூடினால் ஃபோட்டான் ஆற்றல் மாறும். வில்லை அண்டுலேட்டரில் இடைவெளி நிலையானது. புலத்தை மாற்ற வேண்டுமானால் சோலினாய்டைத் தொட வேண்டும், அதுவும் வில்லைகள் தங்கள் முந்தைய வரலாற்றை நினைவில் வைத்திருக்கும் பொருள்கள். ஒருமுறை மாற்றியதைப் பழைய நிலைக்குத் துல்லியமாகக் கொண்டுவர, 92 கெல்வினுக்கு மேல் சூடாக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆற்றலை நொடிக்கு நொடி நகர்த்தும் நிறமாலை ஆய்வுக்கு இது ஒத்துவராது. டோமோகிராஃபிக்குச் சரியாகப் பொருந்தும். அங்கே ஒரு ஆற்றலைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நின்று படம் எடுப்பார்கள். புலத்தைத் தொடாமலேயே 22.7, 27.7, 32.8, 37.8 என்று சுமார் 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் வரிசையாக நிற்கும் மேற்சுரங்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். முதல் கருவியை ஐ-டாம்கேட்டுக்குத் திட்டமிட்டது இந்த வகையில் மிகச் சரியான தேர்வு.

பிடித்துவைத்த புலம் காலப்போக்கில் மெல்லக் கசியும். கசிவு மடக்கை முறையில் நடக்கிறது. முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை எவ்வளவு போகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவுதான் பத்தாவதிலிருந்து நூறாவது நிமிடம் வரையிலும் போகும். காந்தமேற்றி முடித்தபின் வெப்பநிலையை இன்னும் சில கெல்வின் இறக்கிவிட்டால் கசிவு ஏறக்குறைய உறைந்துவிடும். இது வில்லைக் காந்தங்களைக் கையாளுபவர்களுக்குப் பழகிய உத்தி.

சோலினாய்டின் கதை வேறு. 10 டெஸ்லாவுக்கு மேல் என்றால் நயோபியம்-டைட்டானியம் 4.2 கெல்வினில் திணறும். நயோபியம்-டின் வேண்டும். ஆக, உயர்வெப்ப மீக்கடத்தி அண்டுலேட்டரைச் சுற்றி ஒரு தாழ்வெப்ப மீக்கடத்திக் காந்தம் நிற்கிறது, உள்ளே 10 கெல்வின், வெளியே 4 கெல்வின். கற்றையின் சூடு உள் மண்டலத்தோடு நின்றுவிட வேண்டும். வெளிச் சோலினாய்டு காந்தமேற்றும் நேரத்தில் குவென்ச் ஆனால் புலம் சட்டென்று விழும், வில்லைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அந்த அதிர்ச்சியை வாங்கும். காந்தமேற்றி முடிந்தபின் சோலினாய்டு ஓய்வில் இருப்பது இந்த அமைப்புக்கு ஒரு பெரிய ஆறுதல். எலக்ட்ரான் கற்றை ஓடும் நேரத்தில் அந்த ஆபத்து இல்லை.

ஒரு மீட்டர் என்றால் 200 வில்லைகள். சோலினாய்டின் புலம் அந்த நீளம் முழுக்கச் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் வில்லையும் ஓரத்தில் இருக்கும் வில்லையும் வேறு வேறு புலத்தைப் பிடித்துவைக்கும். இரண்டு முனைகளிலும் கடைசி வில்லைக்கு ஒரு பக்கம்தான் அண்டை உண்டு. அதனால் அங்கே புலம் வேறாகி எலக்ட்ரான் கற்றையை ஒரு தள்ளு தள்ளும், அதைத் தனியாகச் சரிக்கட்ட வேண்டும். இவை இரண்டும் வடிவமைப்பில் தீரக்கூடியவை. வெப்பச் சுழற்சிதான் எனக்குக் கவலை தருகிறது. பராமரிப்புக்காகவோ மின்தடையாலோ காந்தம் அறை வெப்பநிலைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் செம்பும் பீங்கானும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும், முன்பே இருந்த நுண்விரிசல் இன்னும் கொஞ்சம் நீளலாம். 200-இல் ஒரே ஒரு வில்லையின் புலம் இறங்கினாலும் கட்டப் பிழை அந்த இடத்திலிருந்து கடைசிவரை நகர்ந்துவிடும். எனவே மீட்டர் நீளக் கருவியை ஏற்றுக்கொள்ளும் சோதனையில், ஒருமுறை காந்தமேற்றி அளந்த புல வரைபடத்தோடு நின்றுவிடக் கூடாது. பலமுறை சூடாக்கிக் குளிரவைத்து, ஒவ்வொரு முறையும் அதே 10 டெஸ்லாவில் தொடங்கி, 200 வில்லைகளையும் தனித்தனியாக அளந்து, முதல் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை வளையத்துக்குள் அனுப்ப வேண்டும்.